ஓட்டமும் நடையுமாக

தமிழில் ‘ஓடு’ என்னும் வினைச்சொல்லின் பொருள் விரிவு வியப்பூட்டுவது. ஆறு ஓடுகிறது, காலம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரையரங்கில் படம் ஓடுகிறது. எங்கள் மேச்சேரிப் பக்கம் தறி ஓடுகிறது. விசைத்தறி ஓட்டுபவர் அதன் அருகே பகல் முழுவதும் நின்றுகொண்டிருப்பார். ஓடுவது தறி மட்டுமே. சேலம், நாமக்கல் வட்டாரத்து லாரிக்காரர்கள் ‘இந்த மாதம் ஓட்டம் இல்லை’ என்பார்கள். வாடகைக்குச் சுமை கிடைக்கவில்லை என்று பொருள். ஓட்டம் கிடைத்துவிட்டால் ஓட்டுநர் இரண்டாயிரம் கிலோமீட்டர் உட்கார்ந்தே போய்வருவார். இத்தனையும் ஓடுகிற உலகில் மனிதன் ஓடினால் மட்டும் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பேருந்தைத் தவறவிட்டவன் ஓடலாம். நாய் துரத்தினால் ஓடலாம். கடன்காரனைக் கண்டு ஓடலாம், காதலித்தவர்கள் ஊரைவிட்டு ஓடலாம். நாற்பது வயதைக் கடந்து, வயிறு முன்தள்ளிய ஒருவர் விடியற்காலையில் எழுந்து, எவருக்கும் அஞ்சாமல், எங்கும் செல்ல வேண்டியிராமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஓடுவதென்பது மனித வரலாற்றில் மிக அண்மையில் தோன்றிய வழக்கம். அதற்கு ஏறத்தாழ அறுபது வயதுதான் ஆகிறது.

விளையாட்டு வீரர்களின் வரலாறு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஓடத் தெரியாதவர்கள் ஓடத் தொடங்கிய வரலாறு தமிழில் அதிகம் பேசப்படவில்லை. அது மருத்துவ வரலாறும் கூச்சத்தின் வரலாறும் கலந்த ஒன்று.

நம் மரபு ஓட்டத்தை உயர்வாக எண்ணியதில்லை. புறத்திணைப் பாடல்களில் ‘ஓடா’ என்பதே மறவனுக்குரிய அடைமொழி. ஓடுதல் என்றால் புறங்காட்டுதல். பிற்காலத்தில் பெருமை என்பது அசையாமையோடு சேர்ந்துகொண்டது. பல்லக்கில் அமர்ந்தவர் பெரியவர், தூக்கிக்கொண்டு விரைந்தவர்கள் சிறியவர்கள். நாற்காலி வந்த பிறகு அதில் அமர்ந்திருப்பவர் அதிகாரி, அவர் குரலுக்கு ஓடி வருபவர் ஏவலாள். ‘ஓடி வா’ என்று எவரைச் சொல்லலாம், எவரைச் சொல்லக்கூடாது என்பதைச் சாதியும் வயதும் பதவியும் வகுத்திருந்தன. தொந்தி செழிப்பின் அடையாளமாக இருந்ததற்கும் இதுவே பின்னணி.

எனினும் ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். இருப்புப் பாதைக்கும் மோட்டார் வண்டிக்கும் முற்பட்ட காலத்தில் தபால் பைகள் மனிதக் கால்களில்தான் பயணம் செய்தன. கும்பினி ஆட்சியில் சென்னை மாகாணமெங்கும் தப்பால் ஓட்டக்காரர்கள் இருந்தனர். திருவிதாங்கூரில் அரசின் சொந்த அமைப்பு ‘அஞ்சல்’ எனப்பட்டது. அஞ்சலோட்டக்காரன் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். அம்மணியோசை கேட்டால் பிறர் வழிவிட வேண்டும். காட்டு வழியில் அது விலங்குகளுக்கும் எச்சரிக்கை. 1951-இல் அவ்வமைப்பு இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்று தமிழகம் முழுவதற்கும் தபால் என்பதற்கு ஏற்ற அரசுச் சொல் அஞ்சல்தான். ஈழத்துப் பள்ளிகளில் கோலைக் கைமாற்றி ஓடும் தொடரோட்டத்தை இன்றும் அஞ்சலோட்டம் என்றே சொல்கிறார்கள். பையைக் கைமாற்றிய கூலியாளின் ஓட்டம் அச்சொல்லுக்குள் உறைந்திருக்கிறது.

அவர்கள் எப்படி ஓடியிருப்பார்கள்? நூறு மீட்டர் பந்தயக்காரரைப் போல நிச்சயமாக ஓடியிருக்க முடியாது. சுமையோடு பல மைல் போக வேண்டியவனுக்கு உகந்த ஒரு நடைமுறையைத் தமிழ் ‘தொங்கோட்டம்’ என்கிறது. நடையும் அல்ல, விரைவோட்டமும் அல்ல. மூச்சு முட்டாமல், காலை அதிகம் உயர்த்தாமல், ஒரே சீராகப் போவது. ஆங்கிலத்திலிருந்து வந்த ‘ஜாகிங்’ என்பதற்கு மெல்லோட்டம், மெதுவோட்டம் என்றெல்லாம் புதுச்சொல் புனைந்தோம். கையிலிருந்த சொல்லை விட்டுவிட்டோம். அச்சொல்லில் கூலியின் வாடை இருந்ததும் ஒரு காரணமாகலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கூலியோட்டம் மறைந்துகொண்டிருந்த காலத்தில் பள்ளிக்கூட ஓட்டம் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் பழைமையான உடற்கல்விக் கல்லூரி அது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு பக் உடன் சென்றார். நம் பள்ளிகளின் ‘டிரில் மாஸ்டர்’ மரபில் அக்கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. அதன் நன்மைகளை மறுக்க இயலாது. ஆனால் பள்ளி விளையாட்டு என்பது பெரும்பாலும் தேர்ந்தெடுத்தலாகவே முடிந்தது. ஐம்பது பேர் ஓடுவார்கள், மூவர் பரிசு பெறுவார்கள். குண்டுப் பையன் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருப்பான். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்காசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் பத்தாம் வகுப்போடு பெரும்பாலோரின் ஓட்டம் முடிந்துவிடும். ஓட்டம் என்றால் வேகம், வேகம் இல்லாதவனுக்கு ஓட்டம் இல்லை என்ற பாடத்தை நாம் அனைவரும் அங்குதான் கற்றோம்.

மருத்துவமும் நடுவயதினரை ஓடச் சொல்லவில்லை. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை படுக்கையிலேயே கிடத்துவதுதான் 1940-கள் வரை உலகெங்கும் மருத்துவ வழக்கம். 1952-இல் லெவின், லவுன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியதே துணிச்சலாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு, எங்கள் லாரி வட்டாரத்தில் எழுதிப் படித்துக் காட்ட வேண்டிய ஒன்று. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்தார். ஒரே மாடிப் பேருந்தில், ஒரே புகையில், ஒரே வேலை நேரத்தில் இருவர் பணிபுரிகிறார்கள். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது; வந்தவர்களிலும் உடனே இறந்தவர்கள் குறைவு. 1953-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியாயிற்று.

மாரிஸ் அத்தோடு நிற்கவில்லை. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருத்தவர்களாக இருந்திருந்தால்? அரசுச் சீருடைக்காக எடுத்த கால்சட்டை அளவுகளைத் தேடிப் பிடித்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளமையிலேயே கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. தம் முடிவைத் தாமே சந்தேகித்து, தையற்காரர் கணக்கில் சான்று தேடி, அது தமக்கு முழுச் சாதகமாக இல்லாதபோதும் வெளியிட்ட அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பின்னர் வேறு தொழிலாளர்களிடம் செய்த ஆய்வுகள் அவர் கருத்தை உறுதி செய்தன. 1910-இல் பிறந்த மாரிஸ் 2009 வரை வாழ்ந்தார்.

உடலசைவு இதயத்துக்கு நல்லது என்பது ஒரு செய்தி. நோயுற்றவரும் முதியவரும் ஓடலாம் என்பது முற்றிலும் வேறு செய்தி. அது மருத்துவரிடமிருந்து வரவில்லை. நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்தது. ஆர்தர் லிடியார்டு 1917-இல் பிறந்தவர். ரக்பி ஆடியதால் தம் உடல் திடமாக இருப்பதாக எண்ணியிருந்தார். ஜேக் டோலன் என்ற மூத்த நண்பர் ஒருநாள் அவரை ஐந்து மைல் ஓட்டத்துக்கு அழைத்துப் போனார். லிடியார்டால் மூச்சுவிட முடியவில்லை. இருபதுகளின் இறுதியிலேயே இப்படியென்றால் நாற்பதுகளில் என்ன ஆவோம் என்ற கலக்கத்தில்தான் அவர் தம் உடலையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார். நீண்ட தூரம், மெதுவாக, பேசிக்கொண்டே ஓடுவது அவர் கண்ட வழி. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே பிற்பகலில் தங்கம் வென்றனர். பதக்கங்களைவிடப் பெரிய காரியத்தை அவர் அடுத்த சில ஆண்டுகளில் செய்தார். ஆக்லாந்து நகரில் பருத்த வணிகர்களையும் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களையும் கூட்டி, அதே மெது ஓட்டத்தைக் கற்பித்தார். உலகின் முதல் மெல்லோட்டக் கழகம் அப்படித்தான் உருவாயிற்று. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், முடியவில்லையென்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்: அங்கே இருந்த அளவுகோல் அவ்வளவுதான்.

1962 இறுதியில் பில் பவர்மேன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஆக்லாந்து வந்தார். ஒரேகன் பல்கலைக்கழகத்தில் உலகத் தரமான ஓட்டக்காரர்களை உருவாக்கிக்கொண்டிருந்தவர், பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவரில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 51. லிடியார்டு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். சிறிது தூரத்திலேயே பவர்மேன் பின்தங்கினார். எழுபதைக் கடந்த ஆண்ட்ரூ ஸ்டீட்மன் என்ற முதியவர், முன்பு மாரடைப்பு கண்டவர், விருந்தாளி தனியாக விடப்படக் கூடாது என்று வேகத்தைக் குறைத்து அவருடனேயே பேசியபடி வந்தார். பேச்சுக்குப் பதில் சொல்லப் பவர்மேனுக்கு மூச்சு இல்லை. பிறரை ஓட வைப்பதில் உலகப் புகழ்பெற்ற ஒருவர் தம் உடலைப் பற்றி அறிந்துகொண்ட நாள் அது.

நாடு திரும்பியவர் 1963-இல் யூஜின் நகர மக்களை மைதானத்துக்கு அழைத்தார். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. எவராவது மயங்கி விழுந்து இறந்துவிடுவார் என்று அஞ்சி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார் பவர்மேன்! பிறகு வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து, சிறு குழுக்களை வைத்துப் பொறுமையாகச் சோதித்து, படிப்படியான திட்டம் ஒன்றை வகுத்தார். 1967-இல் வெளியான அவர்களுடைய நூல்தான் ‘ஜாகிங்’ என்ற சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றது. மறு ஆண்டே கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ வந்தது.

இவ்வரலாற்றில் கண்டுபிடிக்கப்பட்டது ஓட்டம் அல்ல, மெதுமை. இதைத் தமிழர்களாகிய நாம் வியப்பின்றி ஏற்றுக்கொள்ள முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பத்ரகாளியம்மனுக்கு மாசியில் தேரோட்டம் நடக்கும். தேர் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை வடம் பிடித்தவர்கள் அறிவார்கள். முட்டுக்கட்டை போட்டு, நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் இழுத்து, நிலைக்கு வந்து சேரும். ஆனாலும் தேர் நடந்தது என்று எவரும் சொல்வதில்லை. தேர் ஓடியது என்றுதான் சொல்கிறோம். நின்று நின்று போனாலும் அது ஓட்டமே.

அவசரமாக வருபவரைப் பற்றி ‘ஓட்டமும் நடையுமாக வந்தார்’ என்கிறோம். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, மீண்டும் ஓடுவது. தொடக்கநிலையினருக்கு இன்று உலகம் முழுவதும் கற்பிக்கப்படும் முறை இதுவேதான். ஜெஃப் காலோவே என்ற முன்னாள் ஒலிம்பிக் வீரர் 1974-இல் ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கு வகுப்பெடுத்தபோது இடையிடையே நடக்கச் செய்தார். 1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர் தம் தாயைப் போன்றவர்களை மனத்தில் கொண்டு ஒன்பது வார அட்டவணை ஒன்றை உருவாக்கினார். முதல் ஐந்து நிமிடம் வேகநடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை; இப்படி மாறி மாறி இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள் போதும். ஒன்பதாம் வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடலாம். பின்னர் பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவையே இதை மக்களுக்குப் பரிந்துரைத்தது.

சென்ற ஆண்டு, நாற்பத்தாறாம் வயதில், மருத்துவர் என் சர்க்கரை அளவைக் காட்டிப் பேசிய பின் நானும் இவ்வட்டவணையைக் கையில் எடுத்தேன். அறுபது விநாடி எவ்வளவு நீளமானது என்பதை எந்த இலக்கணமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மாத்திரைக் கணக்கை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். கண்ணிமை நொடியின் நீளத்தை முதல் வாரத்தில்தான் உணர்ந்தேன். ஆறாம் வாரத்தில் மூச்சு சீராகிவிட்டது, கெண்டைக்கால் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இதற்கு உடலியல் காரணம் உண்டு. இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாரும் எலும்பும் இறுகி வலுப்பெற மாதங்கள் ஆகும். மூச்சு ‘போ’ என்னும், முழங்கால் ‘நில்’ என்னும். அட்டவணைகள் அத்தனை நிதானமாக ஏறுவது காலுக்காகத்தான்.

மேட்டூர் சாலையில் நான் ஓடிய முதல் வாரத்தில் ஒருவர் டி.வி.எஸ். வண்டியை அருகில் நிறுத்தி, “என்னங்க சார், பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க, புடிச்சிரலாம்” என்றார். நான் சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். “சும்மாவா?” என்று கேட்டுவிட்டு என்னையும் சாலையின் முன்பகுதியையும் மாறி மாறிப் பார்த்தார். பரிவோடு கேட்டவர் அவர். காரணமற்ற ஓட்டத்துக்கு நம் ஊரில் இலக்கணம் இன்னும் வகுக்கப்படவில்லை, அவ்வளவே.

ஓட்டத்தை மருந்தென எண்ணி மயங்கிவிடவும் கூடாது. ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்க இதழாளர் 35-ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். அப்போது எடை ஏறத்தாழ 97 கிலோ, நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட். எடையைக் குறைத்து, புகையை விட்டு, 1977-இல் அவர் எழுதிய நூல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்காவின் ஓட்ட மோகத்துக்கு அவரையே முகமாகச் சொல்வார்கள். 1984 ஜூலையில் வெர்மான்ட் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 52. பிணக்கூறாய்வில் இதயக் குழாய்களில் கடுமையான அடைப்பு காணப்பட்டது. சோம்பேறிகள் அனைவரும் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் அவருடைய தந்தை 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர். மகன் ஒன்பது ஆண்டுகள் அதிகமாக வாழ்ந்தார் என்றும் இதைப் படிக்கலாம். குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்கள் காலணி வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நலம்.

எதிர்த்திசையில் ஃபௌஜா சிங் நிற்கிறார். பஞ்சாபில் ஜலந்தரை அடுத்த பியாஸ் பிண்ட் கிராமத்து உழவர். கடவுச்சீட்டின்படி 1911 ஏப்ரலில் பிறந்தவர். சிறுவயதில் கால்கள் மெலிந்து, ஐந்து வயது வரை நடக்காதவர். மனைவியை இழந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்து, பின் ஒரு மகனையும் விபத்தில் பறிகொடுத்த துயரில் ஓட்டத்தைப் பற்றிக்கொண்டார். 2000 ஏப்ரலில், 89-ஆம் வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். பவர்மேனும் 1911-இல் பிறந்தவர்தான். அவர் இறந்த நான்காம் மாதத்தில் சிங் தம் முதல் மாரத்தானை ஓடினார். 2011-இல் நூறு வயதில் டொரொன்டோ மாரத்தானையும் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. 1911-இல் பஞ்சாபிக் கிராமத்தில் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? நம் தாத்தாக்களின் வயதைத் தாது வருஷத்துப் பஞ்சத்தை வைத்தும் காவிரி வெள்ளத்தை வைத்தும் கணக்கிட்டவர்கள் நாம். அவருடைய சிக்கல் நமக்குப் புரியும். 2025 ஜூலை 14 அன்று தம் ஊர்ச் சாலையில் வண்டி மோதி இறந்தார்.

தமிழ்நாட்டிற்கு இவ்வரலாறு நீரிழிவின் வழியாக வந்து சேர்ந்தது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. அதற்கு முன்பே, 2006-இல், சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் அரிய ஆய்வை வெளியிட்டிருந்தனர். நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் விழுந்தனர்; உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39.3 விழுக்காட்டினர். அக்குழுவினர் பெரும் குண்டர்கள் அல்லர். மேலைநாட்டுக் கணக்கில் பெரும் பருமன் இல்லை, நம் கணக்கில் நோயின் வாசலில் நிற்பவர்கள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருத்த நம் ஊர் உடல்வாகு அது.

நம் பொதுவாழ்வில் இதற்கு முகமாகச் சொல்லத் தக்கவர் மா. சுப்பிரமணியன். நீரிழிவு உடையவர், 2004-இல் சாலை விபத்தில் முழங்கால் அடிபட்டவர். ஐம்பதைக் கடந்த பிறகே ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை, அதாவது ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர், முடித்தார். 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார். அவர் பொறுப்பில் இருந்தபோது 2023 நவம்பர் 4 அன்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை காணும் திட்டம் தொடங்கப்பட்டது. அரசியல்வாதி என்பதற்காக இதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. வெள்ளை வேட்டியும் நாற்காலியும் பெருமையின் அடையாளமாக உள்ள துறையில் ஒருவர் அரைக்கால்சட்டையோடு ஊரறிய வியர்த்து ஓடியது பண்பாட்டு நோக்கில் சிறிய செய்தியல்ல.

நகரங்களில் கூச்சம் எளிதாகக் கரைந்தது. 2004-இல் மும்பை மாரத்தான் தொடங்கியது, 2006-இல் ‘சென்னை ரன்னர்ஸ்’ குழு. கூட்டமாக ஓடுகையில் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. மேச்சேரி போன்ற ஊரில் ஓடுபவர் தனியர். பார்ப்பவர் அனைவரும் தெரிந்தவர்கள். இங்கே தறி ஓட்டுபவரும் லாரி ஓட்டுபவரும்தான் மாரிஸ் ஆய்வின் நேரடி வாசகர்களாக இருக்க வேண்டியவர்கள். ஆனால் பன்னிரண்டு மணிநேரம் நின்றவரிடம் போய் ஓடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நிற்பதும் உட்காருவதும் வேலை, அசைவது ஓய்வு என்ற இந்தத் தலைகீழ் நிலைக்கு மருத்துவ நூல்களில் மறுமொழி இல்லை. கூலியும் வேலைநேரமும் மாறாமல் அவர்களுக்கு விடியற்காலை என்று ஒன்று கிடைக்காது. ஆசிரியனாகிய எனக்குக் கிடைக்கிறது.

பெண்களுக்கு இதைவிடக் கடினம். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின; அப்போட்டி மீண்டும் வர 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் சுவிட்சரை ஓர் அதிகாரி பாதையிலேயே பிடித்து இழுத்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. எங்கள் சாலையில் எவரும் எவரையும் இழுப்பதில்லை. பார்க்கிறார்கள், அது போதுமானதாக இருக்கிறது. காலை ஐந்தரைக்குச் சேலையோடு விளையாட்டுக் காலணி அணிந்து நான்கைந்து பெண்கள் நடந்து வருவார்கள். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்பது ஊர் ஏற்றுக்கொண்ட காரணம். தெருவிளக்கு முடிந்து இருட்டு தொடங்கும் இடம் வரை நடை. அதற்கப்பால் அவர்களில் இருவர் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடுகிறார்கள். எதிரே வண்டி வெளிச்சம் தெரிந்தால் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.